வியாழக்கிழமை மீன்

தங்கராஜுவுக்கு ஐம்பதாவது வயதில் நெஞ்சுவலி வந்தது. மளிகைச் சாமான் கொண்டுபோகும் லோரியில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். இடது தோளில் யாரோ கல்லைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது. மூட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. சின்னக் கம்பிச் சுருள் வைத்து அனுப்பினார்கள்.

கொழுப்பைக் குறைக்க வேண்டும், பொரித்ததைக் குறைக்க வேண்டும் என்றுதான் மருத்துவமனையில் சொன்னார்கள். குறைப்பது என்கிற வேலை மட்டும் தங்கராஜுவுக்கு வராது. பிடித்தால் முழுசாகப் பிடிப்பார், விட்டால் முழுசாக விடுவார். குடியையும் அப்படித்தான் ஒரு தீபாவளியோடு விட்டிருந்தார். இப்போது ஆட்டுக்கறி, கோழி, மீன், முட்டை, கடைசியில் கோப்பியில் ஊற்றும் பால்வரை எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டார்.

ஆறு மாதத்தில் பதினெட்டுக் கிலோ இறங்கியது. ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பாதியாக்கினார்கள். அசாம் ஜாவா பக்கம் அவர் இருந்த தாமான் குடியிருப்பில் முக்கால்வாசிப் பேர் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். இனிப்புநீர் நோய் இல்லாத வீடே கிடையாது. ஆளுக்கொரு மாத்திரை டப்பா. அவர்கள் கண்முன்னால் ஒரு மனிதர் இளைத்து, முகம் தெளிந்து, காலையில் கைவீசி நடந்து போனால் கேட்காமல் இருப்பார்களா? கேட்டார்கள். கோயில் தலைவர் ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் பத்து நிமிடம் பேசச் சொன்னார்.

முதல் நாள் தன் நெஞ்சைப் பற்றித்தான் பேசினார். அடுத்தடுத்த வாரங்களில், கைப்பேசியில் பார்த்த காணொளிகளிலிருந்து மிருகங்களைப் பற்றியும் பேசினார். கூண்டுக்குள் இறக்கையை விரிக்க முடியாமல் நிற்கும் கோழி, கன்றைப் பிரிந்து கத்தும் மாடு. அதைச் சொல்லும்போது மண்டபம் கப்சிப்பென்று ஆகிவிடும். பிள்ளைகள்கூட ஓடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்த அமைதி தங்கராஜுவுக்குப் பிடித்துப் போயிற்று. வாழ்நாள் முழுக்க லோரி ஓட்டியவர் பேச்சை யார் அப்படி உட்கார்ந்து கேட்டார்கள்? நாற்பது பேர் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவும் உருவாயிற்று. உணவு பற்றிய எந்தக் கேள்விக்கும் அதில் அவர்தான் கடைசி வார்த்தை.

கலாவதி அவரிடம் வந்தது அப்படியொரு வெள்ளிக்கிழமையில்தான். அவருடைய வீட்டுக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்தவள். வயது நாற்பத்தெட்டு, கணவன் இல்லை, அன்பரசி என்று ஒரே மகள். எல்லோரும் போன பிறகு செருப்புப் போடும் இடத்தில் நின்றாள்.

"அண்ணே, நான் பன்னெண்டு வருஷமா கோழி பேக்டரில வேலை பாக்கறேன். வெட்டித் துண்டு போடற லைன்ல. நீங்க சொன்னீங்களே, அந்தச் சத்தம்... எனக்குத் தூக்கத்துலகூட கேக்கும். யாருகிட்டயும் சொன்னதில்ல."

தங்கராஜுவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் அவருக்கு அப்போது எதற்கும் பதில் இருந்தது.

"அந்த வேலைய விட்டுடும்மா. கை சுத்தமானா உடம்பும் சுத்தமாயிடும்" என்றார்.

அவள் விட்டுவிட்டாள். ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். கறி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் அதே மாதத்தில் விட்டாள். அவளைப்போல் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் அந்த நாற்பது பேரில் வேறு யாரும் இல்லை. ரொட்டி வாங்கினால் அதில் பால் மாவு இருக்கிறதா என்று உறையைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பிக் கேட்பாள்.

அவளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் தங்கராஜு மீன் சாப்பிட ஆரம்பித்தார்.

வியாழக்கிழமைதோறும் பாகான் நக்கோடா ஓமார் என்ற கடலோர ஊரின் கடைகளுக்குச் சாமான் இறக்கப் போவார். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு மலாய்க்காரம்மா ஒட்டுக்கடை வைத்திருந்தார். எட்டு மாதம் அந்தக் கடையில் வெறும் சோறும் கங்கோங் கீரையும் வாங்கிச் சாப்பிட்டார். ஒரு நாள் மழை. லோரியிலிருந்து இறங்கியதும் புளியும் மிளகாயும் கொதிக்கும் சட்டியிலிருந்து மீன் வாசம் வந்து முகத்தில் அடித்தது. கால் தானாக நின்றது. "ஒரு துண்டு" என்று விரலைக் காட்டினார். சாப்பிட்டு முடித்து, மூன்று தடவை கை கழுவி, லோரியில் ஏறி உட்கார்ந்தார். இன்றோடு சரி என்று சொல்லிக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமையும் அதையே சொல்லிக்கொண்டார். பிறகு சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டார். சில நாள் இறால், சில நாள் பொரித்த முட்டை. வெள்ளிக்கிழமை குளித்து, திருநீறு பூசி, மண்டபத்தில் போய் நின்று பேசுவார். முதல் சில வாரங்கள் முன்வரிசையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அதுவும் பழகிவிட்டது.

ஒன்றரை வருடம் போனது. கலாவதிக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல், பிறகு பாதம் முழுக்க. நாக்கு சிவந்து எரிந்தது. அடுப்பில் வைத்ததை மறந்துபோனாள். கிளினிக்கில் தாதி மாத்திரை கொடுத்தார். பி12 சத்து, தினமும் ஒன்று என்றார். கலாவதி அதைப் படம் பிடித்து அனுப்பினாள்.

"அண்ணே, இத எடுக்கலாமா? நீங்க எடுக்கறீங்களா?"

தங்கராஜு அப்போது சாமான் இறக்கிவிட்டு லோரி நிழலில் உட்கார்ந்திருந்தார். காணொளியில் பார்த்த ஒருவர் சொன்னது நினைவில் இருந்தது. அதையே குரல் பதிவில் சொன்னார்.

"மாத்திரை எதுக்கும்மா? பழைய கழிவெல்லாம் உடம்ப விட்டு வெளியேறுது, அதான் அப்படி இருக்கும். நான் ஒண்ணும் எடுக்கறதில்ல. இயற்கையே போதும்."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த மாதம் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது, அந்தச் சத்தையும் பார்க்கச் சொல்லி ரத்தம் கொடுத்தார். முடிவு வந்தது, குறையே இல்லை. அந்தத் தாளைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். கீழே எழுதினார்: "ரெண்டு வருஷம். மாத்திரை இல்ல, மாமிசம் இல்ல. பயப்படாதீங்க." முப்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். கலாவதியும் போட்டாள். தாதி கொடுத்த மாத்திரையைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், சாலைச் சந்திப்பில் கலாவதி மோட்டார் சைக்கிளோடு விழுந்தாள். சிவப்பு விளக்கைப் பார்த்தாள், காலால் பிரேக்கை அழுத்தினாள், அழுத்தியதாகத்தான் நினைத்தாள். பாதம் எங்கே இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் நின்ற காரின் பின்புறத்தில் மோதிச் சரிந்தாள். வலது கை முறிந்தது. முன்னால் கார் நின்றதால் சந்திப்புக்குள் போகாமல் உயிர் பிழைத்தாள்.

தங்கராஜு மருத்துவமனைக்கு அன்றே போனார். அன்பரசி கட்டிலோரம் நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் "வாங்க மாமா" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. டாக்டர் கெய்ட்லின் என்று ஒரு இளம் மருத்துவர் வந்தார், தமிழ்ப் பெண்தான்.

"ஆன்ட்டியோட பி12 ரொம்ப லோ. நரம்புக்கு வேண்டிய சத்து அது. கால்ல உணர்ச்சி போனது அதனாலதான். இனிப்புநீர் மாத்திரை பத்து வருஷமா எடுக்கறாங்க, அதுவே கொஞ்சம் கொஞ்சமா இந்தச் சத்தக் குறைக்கும். அதுக்கு மேல முட்டை, பால்கூட இல்ல. மாமிசம் சாப்பிடாம இருக்கறது தப்பே இல்ல ஆன்ட்டி, நல்லாவே இருக்கலாம். ஆனா இந்த மாத்திரைய கட்டாயம் எடுக்கணும். யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க டாக்டர்" என்றாள் அன்பரசி. "கிளினிக்ல மாத்திரையே கொடுத்தாங்க. அம்மாதான் எடுக்கல. மாமாவும் இதே மாதிரிதான் சாப்பிடறாரு, ரெண்டு வருஷமா. அவருக்கு ஒண்ணும் ஆகலைன்னு."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "அப்படியா அங்கிள்? நீங்க என்ன மாத்திரை எடுக்கறீங்க? சத்து சேர்த்த சோயா பால் ஏதாவது குடிக்கறீங்களா?"

கேள்வி சாதாரணமானதுதான். சந்தேகம் எதுவும் அதில் இல்லை. கலாவதி தலையணையில் சாய்ந்தபடி தங்கராஜுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார்.

"சிலருக்கு உடம்புல சேமிப்பு அதிகமா இருக்கும். மூணு நாலு வருஷம்கூடத் தாங்கும். உங்களுக்கு அப்படி இருக்கலாம்."

"ஆமா டாக்டர். அப்படித்தான் இருக்கும்."

அந்தப் பெண் நல்ல மனத்தோடு திறந்துவிட்ட கதவு வழியாக அவர் நுழைந்து தப்பித்தார். டாக்டர் போனதும் கலாவதி மெல்லப் பேசினாள்.

"எனக்குத் தெரியும்ண்ணே. இது சத்துக் குறை இல்ல. பன்னெண்டு வருஷம் கோழி வெட்டின கை. ஒரு நாளைக்கு எத்தன ஆயிரம்! அந்தப் பாவந்தான் காலப் பிடிச்சிருக்கு. உங்க உடம்பு சுத்தம், அதான் ஏத்துக்குது. என் உடம்புக்கு இன்னும் பாவம் தீரல."

அன்பரசி "சும்மா இரும்மா" என்று அழுதாள். தங்கராஜு எழுந்து, வேலை இருக்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டில் பாதி இறங்கினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ ஒரு சீனக் கிழவர் "ஓகே ஆ?" என்று கேட்டார். ஓகே என்று அவரிடமும் பொய் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி விமலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கலாவதி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். கை முறிந்ததைச் சொன்னார், காலைச் சொன்னார், டாக்டர் சொன்னதைச் சொன்னார். அதற்கு மேல் ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"விமலா, நான் மீன் சாப்பிடறேன். வியாழக்கிழமையில."

விமலா மடித்துக்கொண்டிருந்த துண்டை மடித்து முடித்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"உங்க சட்டைய யாரு துவைக்கறா? அந்த வாசம் தெரியாதா எனக்கு?"

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க பொய் சொல்லுவீங்க. அதக் கேக்க வேணாம்னு இருந்தேன்." சட்டை ஒன்றை எடுத்து உதறினாள். "இந்த வீட்டுச் சட்டியில மீன் கொதிச்சு ரெண்டு வருஷமாச்சு. நம்ம மகன் லிங்கேஸ்வரன் வீட்டுக்குச் செரண்டா போறப்பதான் நான் சாப்பிடறது. உங்க எதிர்ல சாப்பிட்டா உங்களுக்கு ஆசை வரும், வைராக்கியம் கெட்டுடும்னு. நான் அப்படி நினைச்சேன் பாருங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் ஏதாவது பேசித் தப்பித்திருப்பார். துணிகளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"எங்கிட்ட சொன்னது போதாது. நான் கீழ விழல."

மறுநாள் மதியம் பார்வையாளர் நேரம். தங்கராஜு கட்டிலுக்கு முன்னால் போய் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அன்பரசி வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"கலா, உன் உடம்புல பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். நான் மீன் சாப்பிடறேன். வாரா வாரம். முட்டையும் சாப்பிட்டிருக்கேன். அதனாலதான் எனக்கு அந்தச் சத்து குறையல."

கரண்டி அப்படியே நின்றது. கலாவதிக்குப் புரிய நேரம் பிடித்தது.

"எப்பலேருந்து?"

"ஒண்ணரை வருஷத்துக்கு மேல. நீ வேலைய விட்ட சமயத்துலேருந்து."

"அந்த ரத்தப் பேப்பர் போட்டீங்களே. பயப்படாதீங்கன்னு எழுதினீங்களே. அப்பவும்?"

"அப்பவும்."

"ரொட்டில பால் மாவு இருக்குன்னு என்னைச் சாப்பிட வேணாம்னு சொன்னீங்களே, அன்னைக்கும்?"

தங்கராஜு தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளும் அவளைப் பார்க்க வந்தவர்களும் பேச்சை நிறுத்திக் கவனிப்பது தெரிந்தது. மண்டபத்தில் அவருக்குப் பிடித்த அதே அமைதி. இப்போது அது உடம்பெல்லாம் எரிந்தது.

அன்பரசி எழுந்துவிட்டாள். "மாமா, அம்மா விழுந்த இடத்துல பின்னால லோரி ஒண்ணு வந்துச்சாம். பிரேக் அடிச்சு நிறுத்தினானாம். கொஞ்சம் லேட்டா அடிச்சிருந்தா?"

"அன்பு, உக்காரு" என்றாள் கலாவதி. அவள் முகம் வெளுத்திருந்தது. "ராத்திரியெல்லாம் என் காலத் திட்டினேன்ண்ணே. சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். என்ன செஞ்சா பாவம் தீரும்னு கேட்டேன். நேத்து நீங்க இங்கதான நின்னீங்க? டாக்டர் உங்க மூஞ்சப் பாத்துக் கேட்டாங்களே. நான் பாவம்னு சொன்னப்பகூட உங்களுக்கு வாய் வரலையே."

"தப்புதான் கலா. வெக்கமா இருந்துச்சு."

"உங்களுக்கு வெக்கம். எனக்குக் காலு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் போகலாமா என்று திரும்பியபோது கூப்பிட்டாள்.

"குரூப்ல நாப்பது பேரு இருக்காங்க. வள்ளியம்மாவும் இனிப்புநீர் மாத்திரை எடுக்கறவங்கதான். நீங்க போட்ட பேப்பரப் பாத்துத்தான் எல்லாரும் இருக்காங்க. முதல்ல போய் அவங்ககிட்ட சொல்லுங்க."

குழுவில் குரல் பதிவாகப் போட்டுவிடலாம் என்று நினைத்தார். லோரியில் உட்கார்ந்து மூன்று முறை பதிவு செய்தார். கேட்டுப் பார்த்தபோது மூன்றிலும் "சூழ்நிலை", "சின்னத் தவறு" என்ற வார்த்தைகள் இருந்தன. அழித்தார். தான் போட்ட ரத்தப் பரிசோதனைத் தாளை நம்ப வேண்டாம், வெள்ளிக்கிழமை எல்லோரும் வரவேண்டும் என்று மட்டும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். மருத்துவமனையில் நடந்தது அதற்குள் பாதிப் பேர் காதுக்குப் போயிருந்தது. ஒலிவாங்கியைத் தங்கராஜு கையில் எடுக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னார்: எந்த நாள், எந்த ஊர், என்ன மீன், எவ்வளவு காலம். கலாவதிக்கு என்ன சொன்னார், அவளுக்கு என்ன ஆயிற்று. சொல்லி முடித்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "சாமியாரு புளிமீன் சாப்பிட்டிருக்காரு லா" என்று ஒரு குரல் வந்தது. புனிதன் என்று ஒருவர், தங்கராஜு பேச்சைக் கேட்டு வீட்டில் எல்லோரையும் சண்டை போட்டு மாற்றியவர், எழுந்து ஒரு வார்த்தை பேசாமல் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். சிரித்தவர்களைவிட அவர் போனதுதான் தங்கராஜுவால் தாங்க முடியாததாக இருந்தது.

கோயில் தலைவர் சமாளிக்கப் பார்த்தார். "மனுசன்னா தப்பு நடக்கும், விடுங்க."

வள்ளியம்மா விடவில்லை. "அதெல்லாம் சரி. நாங்க அந்த மாத்திரைய எடுக்கணுமா, வேணாமா? அதச் சொல்லு தம்பி."

"எடுங்கக்கா. நாளைக்கே கிளினிக்ல போய் ரத்தம் குடுத்துக் கேளுங்க. எங்கிட்ட கேக்காதீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அடுத்த வாரம் ஏழு பேர் கிளினிக்குக்குப் போனார்கள். இரண்டு பேருக்குச் சத்துக் குறைவு என்று வந்தது. அதில் ஒருவர் வள்ளியம்மா. குழுவை நடத்தும் பொறுப்பை அன்பரசி எடுத்துக்கொண்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை முதல் செய்தியாகப் போட்டாள். தங்கராஜு வெளியேறுவதற்கு முன்பே அவருடைய பெயரை எடுத்துவிட்டாள்.

கலாவதிக்கு ஊசி போட்டார்கள். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று. கை கூடியது. நாக்கு எரிச்சல் போனது, மறதி குறைந்தது. பாதத்தில் மட்டும் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. அன்பரசிக்கு வேலை நாள் என்பதால், கிளினிக்குக்குத் தான் கூட்டிப்போகிறேன் என்று தங்கராஜு போய்க் கேட்டார். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, வேறு வழியில்லாமல், சரி என்று செய்தி வந்தது. அவருடைய காரில் கலாவதி பின்பக்கம்தான் உட்காருவாள். போகும்போதும் வரும்போதும் பேச்சு இருக்காது.

நான்காவது தடவையில் அவரே கேட்டார். அவள் இன்னும் மாமிசம் எடுக்கவில்லை என்று விமலா சொல்லியிருந்தாள்.

"இனிமே முட்டையாச்சும் சாப்பிடலாமே கலா. நான் சொன்னதுக்காக இன்னும் இருக்காத."

பின்கண்ணாடியில் அவள் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது.

"நீங்க சொன்னதுக்காக நான் விடல. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தொண்டையில இறங்கல. எப்படி விடறதுன்னு தெரியாமத்தான் உங்ககிட்ட வந்தேன். இப்ப மாத்திரை இருக்கு, ஊசி இருக்கு. நான் இப்படியே இருந்துக்குவேன். நீங்க மீன் சாப்பிடுங்க. டாக்டரே உங்களுக்கு மீன் வேணாம்னு சொல்லலையே. நாங்களும் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டோம்."

அவள் சொன்னது உண்மை. யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். வாரம் ஒரு மீன் சாப்பிடும் சாதாரண மனிதராக இருக்க அவருக்குத்தான் மனம் வரவில்லை.

கிளினிக்கில் புதிதாக ஒரு தாதி, அகதா என்று சட்டையில் பெயர் இருந்தது. அட்டையைப் பார்த்துக்கொண்டே, ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் துணைக்கு ஆள் இருக்க வேண்டும் என்றாள். தங்கராஜுவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவரு யாரு, உங்க அண்ணனா?"

"இல்ல" என்றாள் கலாவதி. "தெரிஞ்சவரு. அதே தாமான்."

தாதி தலையாட்டி எழுதிக்கொண்டாள். கலாவதி சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து உள்ளே நடந்தாள். எழுந்து கை கொடுக்கப் போன தங்கராஜு, அவள் கையை நீட்டவில்லை என்று கண்டு, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். கதவு மூடிக்கொண்டது. அவர் காத்திருந்தார்.